ஆறடி வார், இரண்டு கைப்பிடி

குன்னூர் மார்க்கெட்டில் பள்ளிப் பை, ஜிப், குடை எல்லாம் தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் சொல்லித் தைத்து வாங்கிய நாய் வாரைப் பற்றி எழுதுகிறேன். தையல் கூலியோடு 450 ரூபாய். பித்தளைக் கொக்கியைத் தனியாக வாங்கிக் கொடுத்தேன், அது 90 ரூபாய். ஐந்து மாதமாகத் தினமும் இரண்டு வேளை என் கையில் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது கோத்தகிரிப் பக்கம். வீட்டுக்கு மேலே சோலை, கீழே தேயிலை. மிளகு நான்கு வயதுப் பெண் நாய், நாட்டு இனம், 17 கிலோ. நடக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இதற்கு முன் வைத்திருந்தது, இழுக்க இழுக்க நீண்டு, விட்டால் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும் வகை. ஐந்து மீட்டர் நீளம். இணையத்தில் வாங்கினேன், சமவெளிப் பூங்காவில் எடுத்த படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மலையில் அது என்ன செய்யும் என்பதைப் போன ஐப்பசியில் ஒரு மாலை தெரிந்துகொண்டேன்.

மழை விட்டு மஞ்சு இறங்கியிருந்தது. மணி ஐந்தே முக்கால். தோட்டத்து மண் சாலையில் ஒரு வளைவு வரும். நான் வளைவுக்கு இந்தப் பக்கம், மிளகு அந்தப் பக்கம். ஒரே ஒரு குரைப்பு. எட்டிப் பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை, அதன் வயிற்றை ஒட்டிக் கன்று. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்குமே, அந்தக் கால்கள்தான் மஞ்சில் முதலில் தெரிந்தன. பதற்றத்தில் நூல்போன்ற அந்தக் கயிற்றைக் கையால் பிடித்தேன். உள்ளங்கையைக் குறுக்காகச் சுட்டுக்கொண்டு போனது. பெட்டி கைநழுவிக் கீழே விழுந்தது. அதன் பிறகுதான் மோசம்: பிளாஸ்டிக் பெட்டி கல்லில் தடதடவென்று மோதிக்கொண்டு பின்னாலேயே வர, அந்தச் சத்தத்துக்கு மிரண்டு மிளகு என்னைத் தாண்டி ஓடினாள். அவளைத் துரத்திய தாய் எருமை நாலு எட்டு வைத்து, நேராக எனக்கு எதிரே வந்து நின்றது. முழு வளர்ச்சி அடைந்த காளை என்றால் ஆயிரம் கிலோ வரை இருக்கும். இது பசுதான் என்றாலும் அந்த நேரத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கீழ்ப் பாத்தியிலிருந்து இலை மூட்டையோடு ஏறி வந்தவர், "டீச்சர், ஓடாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னால் வாருங்கள்" என்றார். வந்தேன். அது மூச்சைச் சீறிவிட்டு கன்றிடம் திரும்பியது. மிளகு கிடைக்க ஏழு மணி ஆனது. பெட்டி ஒரு சில்வர் ஓக் வேரில் சிக்கி, அவள் நகர முடியாமல் இருட்டில் கட்டுண்டு நின்றாள். சிறுத்தை நடமாடும் நேரம் அது. அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

நாய் நமக்கு முன்னால் போய் விலங்கைச் சந்திக்கக் கூடாது. குரைத்துச் சீண்டிவிட்டு அது அடைக்கலம் தேடி ஓடி வருவது நம்மிடம்தான். பின்னாலேயே விலங்கும் வரும். கரடிக்கும் இது பொருந்தும். அதனால் வார் குட்டையாக, நீளம் மாறாததாக இருக்க வேண்டும். தையல்காரரிடம் இதைத்தான் சொன்னேன்.

அவர் முதுகுப் பைக்குப் போடும் ஓரங்குல அகல நைலான் பட்டையை எடுத்தார். ஆறடி அளந்தார். கைப்பிடிக்காக மடித்து, கட்டம்போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்கும் தைத்தார். அதே தடத்தில் இன்னொரு முறையும் ஓட்டினார். நூல் முனையை வெட்டி, தீக்குச்சியால் சுட்டு விரலால் அழுத்திவிட்டார். ஐந்து மாதத்தில் ஒரு நூல் பிரியவில்லை. இதில் சிறப்பு இரண்டாவது கைப்பிடி. கொக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார். வளைவு வந்தால், புதர் அசைந்தால், எதிரே ஜீப் வந்தால் அதைப் பிடித்துக்கொள்கிறேன். மிளகு என் முழங்காலோடு ஒட்டி நடக்கிறாள். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அதற்குள் பழைய ரெயின்கோட் துணியை மடித்து வைத்திருந்தார். நான் கேட்கவே இல்லை.

கழுத்துப் பெல்ட்டில் மாட்டாமல் மார்ப்பட்டையில் மாட்டுகிறேன். பயத்தில் பின்னோக்கி இழுக்கும் நாய் கழுத்துப் பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். மார்ப்பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. நைலான் நனைந்தால் வழுக்குகிறது, மழை நாளில் கையுறை இல்லாமல் பிடிக்க முடியவில்லை. கொக்கியின் உள்ளே இருக்கும் சுருள்கம்பி இரும்பு. மார்கழிப் பனியில் துருப்பிடித்து இறுகிவிட்டது. வாரம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். கைப்பிடி மடிப்புக்குள் உண்ணி ஒளிந்துகொள்கிறது, அதனால் நாயைப் பார்ப்பதுபோல் வாரையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாய்க்கு நான் பார்க்கும் இடங்கள்: காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, அக்குள். உண்ணிக் காய்ச்சல் நாயை ஒரே வாரத்தில் உருக்கிவிடும். மருத்துவர் சொன்ன உண்ணி மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள்.

நல்ல வார் கையில் இருக்கிறது என்பதற்காக எங்கும் போகலாம் என்று எண்ண வேண்டாம். காப்புக் காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் நாயைக் கூட்டிப் போகவே கூடாது. நான் தோட்டத்துச் சாலையோடு நிறுத்திக்கொள்கிறேன். காட்டு உயிர்களுக்கு நம் நாயிடமிருந்து நோயும் போகும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது. டிஸ்டம்பர், பார்வோ, வெறிநோய்த் தடுப்பூசிகள் போடாத நாயோடு காட்டோரம் நடப்பது அந்த உயிர்களுக்குச் செய்யும் துரோகம். வெறிநோய்த் தடுப்பூசிக்காக 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. அந்த ஊர்க் காற்றை மூச்சுவிடும் நாமே ஊசியை மறந்தால் எப்படி?

நேரமும் முக்கியம். காலையில் வெயில் நன்றாக விழுந்த பிறகு, ஏழரைக்குக் கிளம்புகிறேன். மாலையில் ஐந்துக்குள் கதவைச் சாத்திவிடுகிறேன். சிறுத்தைக்கு நாய் எவ்வளவு பிடித்த இரை என்பதற்கு மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு: வயல்களுக்கு நடுவே வாழும் அங்குள்ள சிறுத்தைகள் உண்டதில், எடைக் கணக்கில் 39 விழுக்காடு வீட்டு நாய்கள்தான். ஆகவே இரவில் நாயை வாசலில் கட்டாதீர்கள். கட்டப்பட்ட நாயால் ஓடக்கூட முடியாது. எங்கள் தெருவில் இன்னும் நாலு வீடுகளில் திண்ணைத் தூணில்தான் சங்கிலி தொங்குகிறது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வளைவுகளில் நான் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கிறேன். என்ன பேச்சு என்று மிளகு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். விலங்குக்கு நம் வரவு முன்பே தெரிந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும். திடுக்கிட வைப்பதுதான் ஆபத்து. தை மாதத்தில் ஒருநாள் அதே வளைவில் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. குட்டைக் கைப்பிடியைப் பிடித்தேன். மிளகின் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது, குரைக்கவில்லை. இருவரும் பின்னோக்கியே நடந்து வீடு திரும்பினோம்.

கீழ்ப் பாத்திக்காரர் தன் நாய்க்கும் ஒன்று கேட்டார். இரண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு மாற்றாக. இம்முறை கொக்கியின் சுருள்கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், கைப்பிடியின் வெளிப்பக்கம் நனைந்தாலும் வழுக்காத முரட்டுத் துணி வேண்டும் என்று சொன்னேன். தையல்காரர் என் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு, அந்த அகலத்துக்கே துணி வெட்டுகிறேன் என்றார்.