கினபாலு மலையேற்றம்: 2 நாள் தொகுப்பா, 3 நாள் தொகுப்பா?

மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலைக்குச் சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அதிகம் வாங்குவது 2 நாள் 1 இரவுத் தொகுப்பைத்தான். வெள்ளி இரவு விமானம், சனி காலை மலையடிவாரம், ஞாயிறு இரவு வீடு. விடுப்பே எடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில்தான் கோளாறு. கடலோரக் கோத்தா கினபாலுவில் தூங்கி எழுந்து, அன்று பிற்பகலே 3,272 மீட்டர் உயரத்தில், ஏறுகிறவர்கள் இரவு தங்கும் பனலாபானுக்குப் போனால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். உடம்பு உயரத்துக்குப் பழகாததே காரணம். மாரத்தான் ஓடுகிறவரையும் அது விடாது.

3 நாள் 2 இரவுத் தொகுப்பில் முதல் இரவு பூங்காத் தலைமையகத்தில், சுமார் 1,500 மீட்டரில் கழியும். கோத்தா கினபாலுவிலிருந்து காலையில் வரும் 2 மணி நேரக் கார் பயணமும் மிச்சமாகும். சீக்கிரம் ஏறத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் பனலாபானை எட்டலாம். கூடுதல் செலவுக்கு முழுத் தகுதி உண்டு. 2 நாள் தொகுப்பைத்தான் வாங்குவீர்கள் என்றால், அந்த முதல் இரவுக்கு மட்டும் பூங்கா அருகே தனியாக அறை எடுங்கள்.

விளம்பர விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலேசியருக்கு ஒரு கட்டணம், நமக்கு ஒரு கட்டணம். ஏறும் அனுமதி, வழிகாட்டி, காப்புறுதி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. சுமைதூக்குபவருக்குக் கிலோ கணக்கில் தனிக் கூலி. சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். மேலே படுக்கைகள் குறைவு என்பதால் பள்ளி விடுமுறை நாள்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். டிசம்பரில் மழை அதிகம்; மார்ச், ஏப்ரல் மேல்.

முதல் நாள், ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாயிலிலிருந்து பனலாபான் வரை 6 கிலோமீட்டர்தான், ஆனால் உயரம் 1,400 மீட்டர் கூடும். நம் வீவக அடுக்குமாடி புளோக் கணக்கில் சுமார் 500 மாடி. கல்லும் மரமுமான படிகள், ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. லாயாங் லாயாங் குடிலைத் தாண்டியதும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையைப் பனலாபானில் நின்றதுமே மாற்றுங்கள். குளிர் அங்கேதான் பிடிக்கும்.

மறுநாள் அதிகாலை 2.30 மணிவாக்கில் கிளம்பி, 5 மணிக்குள் சாயாட் சாயாட் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாவடி வரை போவது, 2015 நிலநடுக்கத்துக்குப் பின் அமைத்த ராணாவ் பாதை. அதன் பிறகு வெறும் கருங்கல் சரிவு. வெள்ளைக் கயிற்றை விடாமல் போனால் 4,095 மீட்டர் சிகரம். கம்பளிக் கையுறை ஈரமானால் கயிற்றில் வழுக்கும், உள்ளங்கையில் ரப்பர் பதித்ததை வாங்குங்கள். கனமழை என்றால் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது பணம் திரும்புமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கடும் தலைவலியோடு நடை தள்ளாடினால் சிகரத்தை மறந்துவிட்டு உடனே இறங்க வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைட் மாத்திரை வேண்டுமா என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்களைப் பதம் பார்ப்பது இறக்கம். ஒரே நாளில் 8.7 கிலோமீட்டர், 2,200 மீட்டர் கீழே. புளோக் படிகளில் பயிற்சி செய்கிறவர்கள் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குகிறார்கள். மலையில் தொடை நடுங்குவது இதனால்தான். வாரம் இரண்டு முறையாவது படியிலேயே இறங்குங்கள், முதுகில் 5 கிலோ பையோடு. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுச் சரிவோடு நிறுத்திக்கொள்ளலாம். காலணியில் விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையேல் பெருவிரல் நகம் கறுத்து விழும். உள்ளூர்க்காரர்கள் போடும் மலிவான கறுப்பு ரப்பர் காலணி, 'அடிடாஸ் கம்போங்', ஈரப் பாறையில் அருமையாகப் பிடிக்கும். பாதத்துக்கு மெத்தை மட்டும் கிடையாது.

வாயிலுக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும், அங்கிருந்து விமான நிலையம் 2 மணி நேரம். அன்றிரவு விமானத்தை விட்டு, திங்கள் காலை விமானத்துக்குப் பதியுங்கள்.