விசிலும் 10 மீட்டர் கயிறும்: ஏழு மாத அனுபவம்

எங்கள் லாப்ரடோர் ராசா பத்தாவது மாதத்தில் கூப்பிட்டால் வருவதை விட்டுவிட்டான். குட்டியில் 'வா' என்றதும் காலடிக்கு ஓடி வந்தவன். மாசியில் மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் வரம்பில் அவிழ்த்துவிட்டேன். கொக்கு ஒன்று எழும்ப, விளைந்து நின்ற வெள்ளாமைக்குள் பாய்ந்துவிட்டான். "நாயைக் கட்டுங்க தம்பி, எல்லாம் நாசமாப் போகும்" என்றார் வயல்காரர். அவர் சொன்னது சரி.

யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையது. 'வா' என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் சங்கிலி மாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஒருநாள் பிந்தி வந்ததற்கு அடித்தும் விட்டேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. அந்தச் சொல் அவனுக்குக் கெட்டுப் போய்விட்டது.

அதனால் சொல்லைக் கைவிட்டு, நாய்ப் பயிற்சிக்கான அக்மி 211.5 விசில் வாங்கினேன். அந்த எண்ணில் எந்த விசிலை வாங்கினாலும் ஒரே சுருதிதான். நான் ஊதினாலும் மகள் ஊதினாலும் அவனுக்கு ஒன்றே. என் கோபமும் அதில் கேட்காது. முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளே மட்டும்: மூன்று குறுகிய ஊதல், உடனே அவித்த கோழி ஈரல். பிறகு முற்றம், அப்புறம் விடியற்காலைக் கல்லடிக் கடற்கரை.

வெளியே பழக்கும்போது அவன் ஓடிவிடாமல் மாட்டிய 10 மீட்டர் கயிறு, வலைச் சாமான் கடையில் வாங்கிய நைலோன். உறுதிக்குக் குறையில்லை, ஆனால் இழுத்தால் உள்ளங்கையை அறுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நுனியில் முடிச்சோ வளையமோ வேண்டாம், பற்றைகளில் சிக்கும். கழுத்துப்பட்டியில் மாட்டாமல் மார்ப்பட்டியில் மாட்டுங்கள். ஓடும் நாய் சட்டென்று நின்றால் கழுத்து நோகும். வராதபோது திரும்பத் திரும்ப ஊதாமல் கயிற்றால் மெல்லக் கிட்டக் கொண்டுவந்தேன். வந்ததும் பத்தில் எட்டுத் தடவை மறுபடி ஓடவிட்டேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

பறவைக்கு ஈரல் ஈடாகவில்லை. வேட்டையில் விழுந்ததை எடுத்து வருவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அல்லவா! ஆகவே விசிலுக்குத் திரும்பியதும் கான்வஸ் டம்மியை (நாய் கவ்வி எடுத்து வரப் பழக்கும் துணிப் பொதி) எனக்குப் பின்புறம் எறியத் தொடங்கினேன். என்னை நோக்கி ஓடுவதே அவனுக்கு வேட்டையாகிவிட்டது.

சிறுபோகம் வெட்டிய வயலில் போன மாதம் கொக்கு எழும்பியது. நாலடி பாய்ந்தான், ஊதினேன், திரும்பி வந்தான். கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை இன்னும் கழற்றவில்லை. வாவிக்கரையில் முதலை இருப்பதால் அங்கே நுனியைக் கையிலிருந்து விடுவதே இல்லை.