உப்புத்தாளில் அழிந்த டமாஸ்கஸ் கத்தி

முயல் உரிக்கக் கத்தி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன கிறிஸ்துமஸுக்கு நான் 1,450 ரூபாயைத் தொலைத்தேன்.

குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருபது கூண்டில் நியூசிலாந்து வெள்ளை இன முயல் வளர்க்கிறேன். (காட்டு முயல் அல்ல. அதைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) பண்டிகைக்குப் பன்னிரண்டு முயல் கேட்டிருந்தார்கள். வீட்டுப் பிச்சாத்தி தேய்ந்து ஈர்க்குச்சியாகிவிட்டதால் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஏறினேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆறங்குலக் கத்தி ஒன்று வெளியே வந்தது. அலகு முழுக்க அலையலையாக வரி, முதுகில் ஒரு கொக்கி. “டமாஸ்கஸ், அண்ணே. ஆயுசுக்கும் சாணை வேண்டாம்” என்றார் கடைக்காரர். (டமாஸ்கஸ் என்றால் இரண்டு வகை இரும்பை அடுக்கி அடித்து, வரி ஓடச் செய்த உருக்கு.) சாணை வேண்டாத கத்தி உலகத்தில் உண்டா? அன்று என் புத்தி எங்கே போயிருந்ததோ! பில் கேட்டதற்கு, “பில் போட்டால் வரி சேரும்” என்றார். கத்தியிலிருந்த வரியில் மயங்கி, கட்ட வேண்டிய வரியை விட்டுவிட்டேன்.

மூன்றாவது முயலிலேயே வாய் மடங்கியது. பின்னங்கால் கணுவைச் சுற்றிக் கீறி, தொடையின் உட்புறம் ஒரு கோடு இழுத்தால் போதும், பிறகு பனியனைக் கழற்றுவதுபோல் தோல் கையோடு வந்துவிடும். கத்திக்கு வேலை அந்தச் சில நொடிகள்தான். அதில் மழுங்கினால் முடி அறுந்து இறைச்சியில் ஒட்டும். ஈரத்தில் ஒட்டிய வெள்ளை முடி கழுவினால் போகாது, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கொக்கி இன்னும் மோசம். அது பெரிய விலங்குக்கானது. முயலின் மெல்லிய வயிற்றில் தோலோடு குடலையும் சேர்த்துக் கிழித்தது. அந்த முயலை அப்படியே குழியில் போட்டு மூடினேன்.

கொல்லாசாரியிடம் கொண்டுபோனேன். அரத்தை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார், கரகரவென்று கடித்தது. “நன்றாகத் தோய்த்த உருக்கு என்றால் அரம் வழுக்கும்” என்றார். பிறகு உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. அலையெல்லாம் போய் வெறும் தகடு பல்லிளித்தது. இரண்டு இரும்பை அடுக்கி அடித்த அலகில் வரி உள்ளேயும் ஓடும். தேய்த்தால் மங்கினாலும் அமிலம் தொட்டதும் திரும்ப வரும். இதில் வரவில்லை. பிடியைப் பிரித்தால், உள்ளே போகும் அலகின் வால் இரண்டங்குலம்தான், அதுவும் பசையில் நின்றது.

கடைக்காரரோ, “இது எங்கள் சாமானே இல்லை” என்றுவிட்டார். பில் இருந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்காவது துணிந்து பேசியிருப்பேன்.

லாரி வில்பட்டையில் மூன்றங்குலப் பிச்சாத்தி ஒன்றை 300 ரூபாய்க்கு ஆசாரியே அடித்துத் தந்தார். துருப்பிடிக்கும்தான், துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறேன். டமாஸ்கஸ் இப்போது கூண்டுக்கடியில் காய்ந்த புழுக்கை சுரண்டுகிறது. அதற்கு அந்தக் கொக்கி வசதியாகத்தான் இருக்கிறது.