மன்னார் வளைகுடா மாதிரித் தொட்டி: காற்றுக்காக வாங்கலாம், மோட்டாரை மாற்றிவிடுங்கள்

வேலூரில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கிற அக்ரிலிக் தொட்டி இது. ஒரு பக்கம் 2 செ.மீ. தண்ணீர் நிற்கும் பாக் விரிகுடா, மறுபக்கம் 10 செ.மீ. நிற்கும் மன்னார் வளைகுடா. நடுத் தடுப்பில், பாம்பன் கால்வாய்க்குப் பதிலாகத் தூக்கி இறக்கும் சிறு கதவு. கூடவே ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) காட்ட மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டை, இரு கோடிகளையும் வெளியே இணைக்கும், கிளிப்பால் மூடித் திறக்கிற குழாய். குழாய் நல்ல யோசனை. நிஜக் கடலில் தண்ணீர் இலங்கையைச் சுற்றியும் போய்வர வழி உண்டு. அந்த வழி இல்லாத தொட்டியில் மேலே போன தண்ணீர் அடியிலேயே திரும்பிவிடும்.

பாலாற்று மணலைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது காற்றுதான். நமக்கு மழை தரும் அதே இரண்டு பருவக்காற்றுகள்தான் அந்த வளைகுடாவின் நீரோட்டத்தையும் திருப்புகின்றன. வாடைக் காலத்தில் பாக் விரிகுடாத் தண்ணீர் பாம்பன் வழியே தெற்கே இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே ஏறும். ஃபேனை ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து, மெதுவான வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். வேகம் கூடினால் சிற்றலை எழுந்து சாயம் கலங்கிவிடும். ஆழமான பக்கத்தில் பர்மாங்கனேட் படிகம் ஒன்றைப் போட்டால் மேலிருந்து அடிவரை ஊதாக் கோடு விழும். கோட்டின் மேல்பகுதி காற்றோடு வளையும், அடிப்பகுதி எதிர்ப்பக்கம் சாயும். மேலோட்டம் வேறு, அடியோட்டம் வேறு என்பது அந்த ஒரு கோட்டிலேயே புரிந்துவிடும்.

இந்தக் கோட்டைப் பார்க்கக் குழாய்க் கிளிப்பை மூடுங்கள். தண்ணீர் கதவு வழியே ஒரே பக்கமாகக் கடப்பதைக் காட்டக் கிளிப் திறந்திருக்க வேண்டும், குழாயில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. நின்றால் குழாயில் ஓட்டமே வராது. தண்ணீர் ஊற்றும்போதே தொட்டியைச் சாய்த்துக் குமிழியை வெளியேற்றுங்கள். நிரப்பியபின் 18 லிட்டர் கனத்தைச் சாய்க்க முடியாது.

உப்பு வேறுபாட்டுச் சோதனைக்குக் கிளிப்பை மூடிவிட வேண்டும். ஆழமான பக்கம் 15 லிட்டருக்கு 525 கிராம், மறுபக்கம் 3 லிட்டருக்கு 90 கிராம் உப்பு. நீலச் சாயம் இரண்டாவதில் மட்டும். வாடைக் காலத்தில் மழையும் வங்கக் கடலின் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து பாக் விரிகுடாவில் உப்பு குறைகிறதே, அதைத்தான் இது காட்டுகிறது. கதவைத் தூக்கியதும் நீலம் மேலே படர்ந்து வரும், உப்புநீர் அடியில் எதிரே நுழையும். பாக்கெட் தூள் உப்பு வேண்டாம், தண்ணீர் பால்போலக் கலங்கும். கல் உப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள்.

நம்மூரில் இந்தச் சோதனை தோற்பதற்கு முக்கியக் காரணம் வெயில். மே மாத மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரை ஆழமான பக்கத்திலும், குடத்துத் தண்ணீரை மறுபக்கத்திலும் ஊற்றினால் 10 டிகிரி வித்தியாசம் எளிதில் வந்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் உப்பு கூட்டும் அடர்த்தியை அந்தச் சூடு ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும். தண்ணீர் முழுவதையும் முதல்நாள் இரவே ஒரே அறையில் வைத்துவிடுங்கள்.

பெரிய குறை மோட்டார். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு ஒரு தடவை கட்டை ஏறி இறங்குகிறது. 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. ஆழமுள்ள தண்ணீர் தானாக முன்னும் பின்னும் ஆடும் நேரமும் ஒரு நொடிதான். இரண்டும் ஒத்துப்போவதால் தண்ணீர் ஏறி விளிம்பைத் தாண்டி வழிகிறது, பிள்ளைகள் அதையே ஓதம் என்று நினைக்கிறார்கள். 12 வோல்ட், 10 சுற்று கியர் மோட்டார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதைப் போட்டால் மட்டம் அமைதியாக ஏறி இறங்கும்.

அப்படியும் ஓதத்துக்கு இந்தத் தொட்டி தரும் முக்கியத்துவம் அதிகம். குஜராத்தின் பவநகர் பக்கம் ஓதம் 10 மீட்டர் ஏறி இறங்கலாம். பாம்பனில் ஒரு மீட்டர்கூட வராது. கையேட்டில் இது இல்லை. ஆழ விகிதமும் இல்லை: தொட்டியில் ஒன்றுக்கு ஐந்து, நிஜத்தில் பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள், மன்னார் வளைகுடாவோ ஆயிரம் மீட்டரைத் தாண்டும். இந்த இரண்டையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டே தொட்டியைத் தொட வேண்டும்.

வாங்கியதும் ஒருநாள் முழுக்க வெறும் தண்ணீர் நிரப்பி நடுத் தடுப்பின் ஒட்டைச் சோதியுங்கள். கசிந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். உப்புநீர் பட்ட இடத்தைக் கழுவி உலர்த்தாமல் சிலிகான் பூசினால் பிடிக்காது.