பாம்பு மோதிரத்துக்கு மரகதமா, நீலக்கல்லா?

தன் வாலைத் தானே கவ்விய பாம்பு வடிவில் ஒரு மோதிரம் செய்துகொள்வது என்று முடிவான பிறகும், அதன் தலையில் எந்தக் கல்லை வைப்பது என்று பல வாரம் தடுமாறினேன். தொடக்கமும் முடிவும் இல்லாததைக் குறிக்கும் இந்தச் சின்னம் பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமன் கல்லறையிலேயே இருக்கிறது. 1839-இல் இளவரசர் ஆல்பர்ட் பிரிட்டனின் விக்டோரியா அரசிக்கு அணிவித்த நிச்சய மோதிரமும் பாம்புதான். அதன் தலையில் மரகதம். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் பச்சை மீதே கண். ஆனால் கடைசியில் வாங்கியது நீலக்கல்.

அழகில் இரண்டும் குறைந்தவை அல்ல. பிறந்த இடத்தைக் கேட்டால் மரகதத்துக்கே கதை அதிகம். கொலம்பியாவின் மூசோ, சிவோர் பகுதிகளில் கருங்களிப் பாறை வெடிப்புகளுக்குள் அது விளைகிறது. அந்தக் கற்களின் நுண்குழிகளில் உப்புநீர், வாயுக்குமிழி, உப்புப் படிகம் மூன்றும் சேர்ந்து சிறைப்பட்டிருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஜாம்பியாவின் காகெம் சுரங்கத்துக் கல்லில் பெரும்பாலும் லேசான நீலச்சாயல் இருக்கும். நீலக்கல்லில் 1880-களில் வெளிப்பட்ட காஷ்மீர்க் கல்லுக்குத்தான் பெரிய பெயர், கிடைப்பதும் அரிது. நான் தேர்ந்தது இலங்கைக் கல். இரத்தினபுரி பக்கம் 'இல்லம்' என்று சொல்லும் சரளை மண்ணைக் கழுவி எடுப்பார்கள்.

சரி, எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. 1 முதல் 10 வரை போகும் மோவின் கடினத்தன்மை அளவில் நீலக்கல் 9, மரகதம் ஏழரையிலிருந்து 8. கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்குவது மட்டுமே. மரகதத்தின் உண்மையான பலவீனம் அதற்குள் ஓடும் விரிசல்கள். பெரும்பாலான மரகதங்களில் அவற்றைத் தேவதாரு எண்ணெயாலோ பிசினாலோ நிரப்பித்தான் விற்கிறார்கள். இது ஏமாற்று இல்லை, பழைய வழக்கம். விற்பவர் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணெய் நிலைக்காது. சூடும் கரைப்பான்களும் அதை வெளியேற்றும். நாளடைவில் தானாகவும் காயும். அப்போது மறைந்திருந்த விரிசல் வெள்ளைக் கோடாக எழும்பி நிற்கும், மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டும். ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் மீயொலிக் கருவியில் போட்டோ நீராவி அடித்தோ சுத்தம் செய்யக் கூடாது. இளஞ்சூட்டு நீர், மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை, இவைதான் அதற்கு.

இதோடு வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாம்பின் தலை விரலுக்கு மேலே புடைத்து நிற்கும். கதவுப்பிடி, மேசை விளிம்பு, பையின் ஜிப் என்று எதில் இடித்தாலும் அடி முதலில் கல்லுக்குத்தான். விரல் பருத்து மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டி வந்தால் பற்றவைக்கும் சூடும் அதற்கு அருகிலேயே வரும். மரகதத்தைக் கழற்றாமல் அந்த வேலை ஆகாது. கழற்றித் திரும்பப் பதிக்கும்போது விரிசல் உள்ள கல்லின் முனை உடையும் அபாயமும் உண்டு.

நீலக்கல்லையும் நிறம் கூட்டச் சூடேற்றுவார்கள், என்னுடையதும் அப்படித்தான். ஆனால் அந்த நிறம் நிலையானது, வெயிலிலோ சோப்பிலோ போகாது. விரிசலைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பிய நீலக்கல் மட்டும் வேறு கதை. அதற்கும் மரகதத்தின் கவனம் வேண்டும். ஆய்வகச் சான்றிதழில் நான் முதலில் பார்த்தது விரிசலை நிரப்பியிருக்கிறார்களா என்ற வரியைத்தான், கல் பிறந்த ஊர்ப்பெயரை அப்புறம்தான் தேடினேன்.

மரகதத்தை மோதிரமாக நான் நீண்ட நாள் போட்டதில்லை. என்னிடம் இருப்பது ஒரு ஜோடித் தோடு மட்டும். எண்ணெய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை என் அனுபவத்தில் சொல்ல முடியாது, கல்லுக்குக் கல் மாறும். தோட்டில் அடி படுவதில்லை, அவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. விசேஷத்துக்கு மட்டும் அணியும் மோதிரம் என்றால் நானே பச்சையை எடுத்திருப்பேன், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு மூடிய பதிப்பாக. என் பாம்பு இரண்டு வருடமாக விரலை விட்டு இறங்கவில்லை. உடலில் செதுக்கிய செதில்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன, தலையில் இருக்கும் நீலத்தில் ஒரு கீறல்கூட இல்லை.