காகிதம் ஒரு வழி, பணம் ஒரு வழி: ஐ.ஆர்.எஸ். தாமதத்தை எதிர்கொள்ள எது நல்லது?

அமெரிக்காவில் வரி ரிட்டர்னை அந்நாட்டு வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவரிடம் "ஏன் இ-ஃபைல் செய்யவில்லை?" என்று கேட்பது எளிது. ஆனால் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்த மனைவிக்கோ குழந்தைக்கோ, சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்கான ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணை வாங்க வேண்டுமென்றால், பொதுவாக அதற்கான விண்ணப்பமான டபிள்யூ-7 படிவத்தோடு ரிட்டர்னையும் காகிதத்தில் சேர்த்து டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்து, தங்களை ஆண்டு முழுதும் அமெரிக்க வாசிகளாகக் கருதும்படி கோரித் தம்பதியர் இருவரும் கையெழுத்திட்ட அறிக்கையோடு முதல் கூட்டு ரிட்டர்ன் கொடுப்பவர்களும் பெரும்பாலும் தபாலையே நம்பியிருக்கிறார்கள். நம்மவர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். இந்த அலசல் அவர்களுக்காகத்தான்.

இ-ஃபைலுக்கும் காகிதத்துக்கும் உள்ள இடைவெளியை முதலில் சொல்லிவிடுகிறேன். இ-ஃபைல் செய்தால் ரீஃபண்ட் பொதுவாக 21 நாட்களுக்குள் வரும். காகிதத்துக்கு ஆறு வாரம் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. ரீஃபண்ட் நிலையைக் காட்டும் இணையக் கருவியில் இ-ஃபைல் ரிட்டர்ன் 24 மணி நேரத்தில் தெரியும்; தபாலில் போனது தெரிய நான்கு வாரமாகும். உறையைப் பிரிப்பது முதல் எண்களைக் கணினியில் ஏற்றுவது வரை ஆள் கை தேவைப்படும் வேலை இது. 2020-ல் பெருந்தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, பிரிக்கப்படாத தபால்கள் டிரெய்லர்களில் குவிந்தன. 2021 தாக்கல் பருவம் முடிந்தபோது, ஆள் கையால் பார்க்க வேண்டிய ரிட்டர்ன்கள் சுமார் 3.5 கோடி தேங்கிக் கிடந்ததாக வரி செலுத்துவோருக்கான தேசியக் குறைதீர்ப்பாளரே தம் அறிக்கையில் பதிவு செய்தார். அந்த அளவு நெருக்கடி இப்போது இல்லையென்றாலும், காகிதத்தின் குணம் மாறிவிடவில்லை. இ-ஃபைல் செய்ய முடிந்தவர்கள் யோசிக்கவே வேண்டாம். திருத்திய ரிட்டர்னான 1040-எக்ஸ் படிவத்தைக்கூட 2020 ஆகஸ்ட் முதல் மின்வழியில் தரலாம்.

வேறு வழியில்லாதவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ரிட்டர்ன் தபாலில் போகட்டும், பணம் அதோடு போக வேண்டாம்.

காரணம் அபராதக் கணக்கில் இருக்கிறது. வரியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் மாதத்துக்கு 0.5 சதவீதம். ரிட்டர்னையே தராவிட்டால் மாதத்துக்கு 5 சதவீதம், உச்சவரம்பு 25. பாக்கி 3,000 டாலர் என்றால் முன்னது மாதம் 15 டாலர், பின்னது 150 டாலர். பத்து மடங்கு! ஆனால் இந்த 5 சதவீதம் கணக்கிடப்படுவது கட்டாத வரியின் மேல்தான். கெடுவுக்குள் முழுப் பணமும் மின்வழியில் போய்ச் சேர்ந்திருந்தால், ரிட்டர்ன் தபாலிலேயே தொலைந்துபோனாலும் அபராதம் போடத் தொகை மிஞ்சாது. காசோலையை ரிட்டர்னோடு ஒரே உறையில் வைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உறை தொலைந்தால் இரண்டும் தொலையும். தபாலில் திருடிய காசோலையின் மையை அழித்துப் பெயரை மாற்றும் கும்பல்களும் இருக்கின்றன.

மின்வழிகளில் எனக்கு முதலில் பிடித்தது ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலேயே பணம் கட்டும் டைரக்ட் பே. கட்டணமில்லை, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும், உறுதிப்படுத்தும் எண் கையோடு கிடைக்கும். பணம் கட்டும்போது காரணத்தை 'எக்ஸ்டென்ஷன்' என்று தேர்ந்தெடுத்தால் அவகாசம் கோரும் 4868 படிவம் இல்லாமலேயே அக்டோபர் வரை அவகாசமும் கிடைத்துவிடும். ஐ.டி.ஐ.என். ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு குறை உண்டு: முந்தைய ஆண்டு ரிட்டர்னில் உள்ள விவரங்களைக் கொண்டே நீங்கள் யார் என்று அது சரிபார்க்கிறது. இதுவரை ரிட்டர்னே தராத புதியவர் அங்கே தடுக்கி நிற்பார். அவருக்கு டெபிட் கார்டு ஏற்றது, சிறு கட்டணம்தான். கிரெடிட் கார்டு தொகையில் சதவீதம் பிடிக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

காசோலைதான் வேண்டும் என்பவர்கள், யுனைடெட் ஸ்டேட்ஸ் ட்ரெஷரி பெயருக்கு எழுதி, சமூகப் பாதுகாப்பு எண், வரி ஆண்டு, படிவ எண் மூன்றையும் அதில் குறித்து, பணத்தோடு இணைக்கும் 1040-வி சீட்டோடு வையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். வாரக்கணக்கில் பணம் எடுக்கப்படவில்லையே என்று பதறிக் காசோலையை நிறுத்திவைப்பதும் தவறு. 2020 தேக்கத்தின்போது ஐ.ஆர்.எஸ். சொன்னதும் அதுவே: காசோலையை ரத்து செய்யாதீர்கள், கணக்கில் பணம் இருக்கட்டும், கைக்கு வந்த தேதியிலேயே வரவு வைப்போம் என்றது.

இனி ரிட்டர்ன். இங்கே போட்டி சாதாரணத் தபால், சர்ட்டிஃபைட் மெயில், ரெஜிஸ்டர்டு மெயில், தனியார் கூரியர் ஆகியவற்றுக்கு இடையே. வருமான வரிச் சட்டத்தின் 7502-ஆம் பிரிவுப்படி, கெடு நாளுக்குள் தபால் முத்திரை விழுந்தால், தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் அது உரிய காலத்தில் தந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் ரிட்டர்ன் போய்ச் சேரவே இல்லை என்று ஐ.ஆர்.எஸ். சொல்லிவிட்டால், சாதாரணத் தபாலில் அனுப்பியவரிடம் காட்ட எதுவும் இருக்காது. சர்ட்டிஃபைட், ரெஜிஸ்டர்டு இரண்டின் ரசீதும் சான்றாக நிற்கும். ரீஃபண்ட் வரவேண்டியவருக்கும் இது முக்கியம். அதைக் கோர மூன்று ஆண்டுக் கெடு உண்டு.

என் தேர்வு சர்ட்டிஃபைட் மெயில். ஆனால் ஒட்டுத்தாளை ஒட்டித் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் பாதிப் பயன்தான். பெட்டியில் போட்ட நாளும் முத்திரை விழும் நாளும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. கவுண்டருக்குப் போய், ரசீதில் அன்றைய தேதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ரெஜிஸ்டர்டு இன்னும் பாதுகாப்பானது, மெதுவானது. வழக்கமான ரிட்டர்னுக்கு அவ்வளவு தேவையில்லை. கூரியரில் டி.எச்.எல்., ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். மூன்றின் குறிப்பிட்ட விரைவுச் சேவைகளுக்கு மட்டுமே, கெடு நாளுக்குள் அனுப்பினால் போதும் என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு; மலிவான 'கிரவுண்ட்' சேவைக்கு இல்லை. கூரியர்கள் பி.ஓ. பாக்ஸ் முகவரிக்குக் கொண்டு சேர்க்க மாட்டார்கள் என்பதால், அவற்றுக்கான தெரு முகவரியையும் தனியே தேடி எழுத வேண்டும்.

ஐ.டி.ஐ.என். கேட்பவர்களுக்கு இன்னொரு கவலை பாஸ்போர்ட். மூலப் பாஸ்போர்ட்டையோ அதை வழங்கிய அமைப்பே சான்றளித்த நகலையோதான் ஏற்பார்கள். நோட்டரி கையெழுத்து செல்லாது. பருவ காலத்தில் விண்ணப்பப் பரிசீலனைக்கே 9 முதல் 11 வாரம் ஆகிறது. ஊரில் அவசரமென்றால் கிளம்ப முடியாமல் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த ஏற்பு முகவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டை நேரில் பார்த்துச் சான்றளித்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். முன்பதிவு செய்து நேரில் போகக்கூடிய வரி உதவி மையங்கள் சிலவும் இதை இலவசமாகச் செய்கின்றன. மையத்தில் நாள் கிடைத்தால் மையம், கிடைக்காவிட்டால் முகவர். பாஸ்போர்ட்டை உறையில் போட்டு அனுப்புவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அனுப்பியாயிற்று, பதிலில்லை. மறுபடி ஒரு பிரதி அனுப்பலாமா? கூடாது. இரட்டை ரிட்டர்ன் சிக்கலைக் கூட்டும். தொலைபேசியில் காத்திருப்பதைவிட, ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கில் டிரான்ஸ்கிரிப்ட் என்ற உங்கள் வரிப் பதிவைப் பார்ப்பது மேல். 150 என்ற குறியீடு வந்திருந்தால் ரிட்டர்ன் பதிவாகிவிட்டது. 846 என்றால் ரீஃபண்ட் கிளம்பிவிட்டது. இதற்கிடையே சி.பி.14 என்ற பாக்கி நோட்டீஸ் வந்தால், பயந்து இரண்டாவது முறை கட்டாதீர்கள். கட்டிய சான்றை இணைத்து, நோட்டீஸில் உள்ள தேதிக்குள் பதில் எழுதுங்கள்.

வழக்கமான காலத்தைத் தாண்டி 30 நாளாகிவிட்டாலோ, பணமில்லாமல் வாடகைக்கே திண்டாட்டம் என்றாலோ, குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு 911 என்ற படிவத்தை அனுப்பலாம். கட்டணமில்லை. காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை நாடுபவர்களும் உண்டு. அங்கே கொடுக்கும் மனுவும் பெரும்பாலும் இதே குறைதீர்ப்பாளரிடம்தான் வந்து சேரும். முதலிலேயே நேராகப் போவது நல்லது. கெடு நாள், ரிட்டர்ன் சேர்ந்த நாள் இரண்டில் பிந்தியதிலிருந்து 45 நாட்களுக்குள் ரீஃபண்ட் தராவிட்டால் அரசு வட்டி தர வேண்டும். அந்த வட்டிக்கும் வரி உண்டு.

தாமதம் அடுத்த ஆண்டுக்கும் நீண்டால், இ-ஃபைல் செய்யும்போது கடந்த ஆண்டின் சரிக்கட்டிய மொத்த வருமானத்தை (ஏ.ஜி.ஐ.) கேட்பார்கள். பழைய ரிட்டர்ன் இன்னும் பரிசீலிக்கப்படவில்லை என்றால், உண்மையான தொகையை எழுதினால் நிராகரிக்கப்படும். அந்த இடத்தில் 0 என்று இடுங்கள்.