ஃபிஜி, க்விடியன்: மைக்ராஸ்கோப் படத்தை வைத்துச் சொரசொரப்பை அளக்கலாமா?

குளச்சல் விசைப்படகின் புரொப்பெல்லர் ஷாஃப்டோ ஆரல்வாய்மொழிக் காற்றாலையின் கியர்ப் பல்லோ, எதுவானாலும் வரைபடத்தில் ஆர்.ஏ 0.8, 1.6 என்று ஓர் எண் இருக்கும் (ஆர்.ஏ என்பது பரப்பின் சராசரிச் சொரசொரப்பு, மைக்ரான் கணக்கில்; ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஊசியை நகர்த்தி அதை அளக்கும் கருவி நாகர்கோவில் பட்டறைகள் எல்லாவற்றிலும் கிடையாது. கேமரா பொருத்திய மெட்டலர்ஜி மைக்ராஸ்கோப் கல்லூரி லேப்களில் கிடைக்கும். படத்தை எடுத்து இலவச மென்பொருளில் போட்டால் போதாதா என்ற கேள்வி இதனால்தான் அடிக்கடி வருகிறது. அதற்கு அதிகம் பயன்படுபவை இரண்டு: இமேஜ்-ஜே என்ற பட ஆய்வு மென்பொருளின் விரிந்த வடிவமான ஃபிஜி, செக் நாட்டு அளவியல் நிறுவனத்தில் வளர்ந்த க்விடியன். இரண்டுக்கும் காசு இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: படத்தைத் தயார் செய்ய ஃபிஜி, எண்ணை எடுக்க க்விடியன். ஒற்றைப் படத்திலிருந்து மைக்ரான் கணக்கில் ஆர்.ஏ எடுக்க இரண்டுமே உதவாது.

ஃபிஜியில் சொரசொரப்புக்கென்று சர்ஃப்சார்-ஜே என்ற பிளக்-இன் (துணை நிரல்) உண்டு. தனியாக இறக்கி பிளக்-இன்ஸ் கோப்புறையில் போட வேண்டும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படமெடுத்து (1 மி.மீ.யை 100 பாகமாக்கிய கண்ணாடித் துண்டு, ஒரு கோடு 10 மைக்ரான்) செட் ஸ்கேலில் அளவைக் கொடுத்துவிட்டு ஓட்டினால் ஆர்.ஏ, ஆர்.க்யூ (வர்க்க சராசரிச் சொரசொரப்பு), மிக உயர்ந்த மேடு, மிக ஆழ்ந்த பள்ளம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பிளக்-இன் ஒவ்வொரு புள்ளியின் சாம்பல் அளவையும் உயரமாக எடுத்துக்கொள்கிறது. எஃகின் மேல் விழும் ஒளிக்கு உயரம் பற்றிக் கவலை இல்லை. சாய்வான இடம் இருளும், எண்ணெய்க் கறை இருளும், துருவும் இருளும்.

சந்தேகம் இருந்தால் துண்டை அதே விளக்கின் கீழ் 90 பாகை திருப்பி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். பரப்பு மாறவில்லை, எண் மாறும். எக்ஸ்போஷரைக் கூட்டினாலும் மாறும். படத்தின் கான்ட்ராஸ்டை இரட்டித்தால் ஆர்.ஏயும் இரட்டிக்கும், கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே விளக்கு, ஒரே எக்ஸ்போஷர், துண்டு ஒரே திசை என்று எல்லாவற்றையும் பூட்டி வைத்து, இந்தத் துண்டு அந்தத் துண்டைவிடச் சொரசொரப்பா என்று வரிசைப்படுத்த மட்டும் இது சரி. அப்போதும் கேமராவின் ஆட்டோவை அணைத்து, ஜேபெக்கை விட்டு டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஹிஸ்டோகிராமில் (சாம்பல் அளவுகளின் பரவல் படம்) 0 அல்லது 255இல், அதாவது முழுக் கறுப்பிலோ முழு வெள்ளையிலோ, குவியல் இருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

உண்மையான உயரம் வேண்டுமென்றால் ஃபோகஸ் அடுக்குதான் வழி. ஃபைன் ஃபோகஸ் திருகை ஒரே அளவு நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். ஃபிஜியில் எக்ஸ்டெண்டெட் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிளக்-இன் எந்தப் புள்ளி எந்தப் படத்தில் கூர்மையாக இருக்கிறது என்று தேடி உயர வரைபடம் தரும். அதில் இருப்பது படத்தின் வரிசை எண். ஒரு படியின் அளவால் பெருக்கினால்தான் மைக்ரான். திருகை எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள். கூடப் போய்விட்டதென்று பின்னால் திருப்பினால் திருகின் பல்லிடைவெளி (பேக்லாஷ்) படியைத் தின்றுவிடும்.

லென்ஸ் தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 0.25 துளை எண் (லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்ற அளவு) உள்ள 10 மடங்கு லென்ஸின் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 9 மைக்ரான். ஆர்.ஏ 1.6 உள்ள லேத் பரப்பின் மேடு பள்ளம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும்; எல்லாப் படமும் கூர்மையாகவே இருக்கும், பிளக்-இன்னுக்குத் தேட ஒன்றுமில்லை. 0.65 துளை எண் உள்ள 40 மடங்கு லென்ஸில் அந்த ஆழம் 1.3 மைக்ரான். அதுவும் மெட்டலர்ஜி லென்ஸாக இருக்க வேண்டும். உயிரியல் லேப் லென்ஸ் 0.17 மி.மீ. கவர் கண்ணாடிக்காகச் செய்தது, முன்கண்ணாடி எஃகில் உரசும் ஆபத்தும் உண்டு. திருகின் ஒரு கோடு 2 மைக்ரான் என்றால், படி வைத்து உயரத்தை வெட்டுவதாலேயே 0.5 மைக்ரான் ஆர்.ஏ பொய்யாக வந்து சேரும்; 1 மைக்ரான் படியில் 0.25. கிரைண்டிங் செய்த 0.8 ஷாஃப்டை 2 மைக்ரான் படியில் அளப்பது வீண் வேலை. கண்ணாடிபோல் லாப்பிங் (நுண்பொடியால் தேய்த்து மெருகேற்றுதல்) செய்த பரப்பிலோ கூர்மை தேடுவதற்கே கோடு இருக்காது; உயர வரைபடம் வெறும் இரைச்சலாக வரும்.

இன்னொரு முட்டுக்கட்டை நீளம். ஆர்.ஏ 0.1 முதல் 2 மைக்ரான் வரை கட்-ஆஃப் (சொரசொரப்பை நீண்ட அலைவிலிருந்து பிரிக்கும் அளவு) 0.8 மி.மீ., அளக்கும் நீளம் 4 மி.மீ. என்பது 2021இல் ஐ.எஸ்.ஓ 21920 வரும்வரை இருந்த ஐ.எஸ்.ஓ 4288 வகுத்த கணக்கு. 40 மடங்கு லென்ஸில் கேமரா காண்பது பெரும்பாலும் 0.3 மி.மீ. பக்கம். பத்தில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்தால் 4 மி.மீ.க்குப் பதினைந்து இடங்கள், இடத்துக்கு ஓர் அடுக்கு. ஒட்டும் வேலையை ஃபிஜியின் ஸ்டிச்சிங் நன்றாகவே செய்கிறது. பொறுமை உங்களுடையது.

உயர வரைபடத்தை க்விடியனில் திறந்தால் அகலம், உயர அளவு இரண்டையும் கேட்கும். 0.3 மி.மீ.க்கு ஒரு பாகை சாய்வே 5 மைக்ரானைத் தாண்டும் என்பதால் முதல் வேலை பிளேன் லெவல், அதாவது சாய்வை நீக்குவது. வளைந்த ஷாஃப்டானால் வளைவை நீக்க இரண்டாம் படிப் பாலினாமியல். அதற்கு மேல் போனால் சொரசொரப்பையே சேர்த்துச் சீவிவிடும். பிறகு கோடு இழுத்துக் கட்-ஆஃப் கொடுத்தால் ஆர்.ஏ, பரப்பு முழுதுக்கும் என்றால் எஸ்.ஏ. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். கர்ட்டோசிஸில் (உயரப் பரவல் எவ்வளவு கூர்மை என்ற அளவு) ஒரு பொறி உண்டு: மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கு க்விடியன் 0 காட்டும், தரநூல் கணக்கில் அதுவே 3. ஏ.எஃப்.எம் (நுண்ஊசியால் உயரத்தைத் தடவி அளக்கும் மைக்ராஸ்கோப்) கோப்புக்கு க்விடியன் சொந்த வீடு. உயரம் கோப்பிலேயே இருப்பதால் மேலே சொன்ன ஃபோகஸ் தொல்லை எதுவும் இல்லை. வரிகளை மீடியனால் நேராக்கிவிட்டு அளந்தால் போதும். 5 மைக்ரான் சதுரமும் 50 மைக்ரான் சதுரமும் ஒரே எஸ்.ஏ தராது, அளவை எழுதி வையுங்கள். எஸ்.இ.எம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படத்தை மட்டும் இதில் உயரமாகத் திறக்காதீர்கள். விளிம்பு பளீரென்று தெரிவது மேடு என்பதால் அல்ல.

கழற்ற முடியாத கியர்ப் பல்லுக்கு அசிட்டோனில் நனைத்த அசிட்டேட் நாடாவை ஒட்டி நகல் எடுப்பார்கள். நகலில் மேடு பள்ளமாகும். ஆர்.ஏ மாறாது, ஆனால் ஆர்.பியும் (மேட்டின் உயரம்) ஆர்.வியும் (பள்ளத்தின் ஆழம்) இடம் மாறும், ஸ்க்யூனஸின் (பரவல் மேட்டுப் பக்கமா பள்ளப் பக்கமா சாய்கிறது என்ற அளவு) குறி தலைகீழாகும். க்விடியனில் இன்வெர்ட் வேல்யூ போட்டபின் படியுங்கள். இல்லாவிட்டால் குழிவிழுந்த பல் முள்முளைத்த பல்லாகத் தெரியும்.

நம் கடலோர உப்புக்காற்றில் துடைத்து வைத்த எஃகுத் துண்டு சீக்கிரமே துருப் பிடிக்கும். அசிட்டோனில் கழுவி அன்றைக்கே படமெடுங்கள். தள்ளிப்போட்டால் எண்ணெய் தடவி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். லென்ஸுக்கும் அதே டப்பாதான்: ஜூனிலும் அக்டோபரிலும் மழை வந்தால் பூஞ்சை லென்ஸின் உள்ளேயே படரும், அந்த நிழலையும் சர்ஃப்சார்-ஜே பள்ளம் என்றே எண்ணும்.